சிமென்ட் கோபுரங்களின் கீழே தொலையும் பழங்கோயில்கள்

இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் பழைய தேவாலயங்களைத் தேடிச் சென்று பார்ப்பது அங்குள்ளவர்களின் நெடுநாள் வழக்கம். ஊர்தோறும் நிற்கும் பங்கு ஆலயங்களோடு, கூரை போய்ச் சுவரும் வளைவும் மட்டும் எஞ்சிய இடைக்காலத் துறவு மடங்களும் அப்பயணங்களில் தவறாமல் இடம்பெறுகின்றன. ‘பிரையரி’ என்று வழங்கும் அம்மடங்கள், ஒரு தலைவரின் பொறுப்பில் துறவிகள் கூடி வாழ்ந்து வழிபட்ட இல்லங்கள். ‘அபே’ எனப்படும் பெருமடத்துக்கு அடுத்த நிலையில் இருந்தவை. எட்டாம் ஹென்றி மன்னர் 1536 முதல் 1541 வரை மடங்களையெல்லாம் கலைத்தபோது, கூரையில் வேய்ந்திருந்த ஈயத் தகடுகள் உருக்கி விற்கப்பட்டன. செதுக்கிய கற்களை அக்கம்பக்கத்தார் தத்தம் வீடுகளுக்கு எடுத்துச் சென்றனர். அப்படியும் மிஞ்சிய நார்ஃபோக் பகுதியின் காசில் ஏக்கர் மடமும், 1132இல் தொடங்கி 1539இல் மூடப்பட்ட யார்க்‌ஷயரின் ஃபவுன்டன்ஸ் மடமும் இன்று புல்தரைக்கு நடுவே கண்ணும் கருத்துமாகக் காக்கப்படும் நினைவுச் சின்னங்களாக நிற்கின்றன. பகையால் சிதைக்கப்பட்ட கட்டடம்கூட, சிதைந்த நிலையிலேயே விட்டுவைக்கப்பட்டால், தன் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும் என்பதற்கு அவை சான்று.

குமரி மாவட்டத்துப் பழைய தேவாலயங்களின் விதி இதற்கு நேர்மாறானது. நாஞ்சில் நாட்டு வயல்வெளியிலிருந்து கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் மேட்டு நிலம் வரையிலும், நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை நீளும் கடற்கரையிலும், கூப்பிடு தூரத்துக்கு ஒரு கோபுரம் தெரியும் இம்மாவட்டத்தில், 1544இல் பிரான்சிஸ் சவேரியார் கடலோர ஊர்களில் ஆயிரக்கணக்கானோருக்குத் திருமுழுக்கு அளித்த காலம் முதல் எண்ணினால், ஐந்து நூற்றாண்டுகளை நெருங்கும் ஆலய வரலாறு இருக்கிறது. ஆனால் அந்த ஐந்து நூற்றாண்டின் கட்டடங்களைக் கண்ணால் பார்க்கப் புறப்படுபவருக்கு எதிர்ப்படுபவற்றில் பெரும்பாலானவை கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில் எழுந்த கான்கிரீட் ஆலயங்கள். இங்கே இன்று பழைய கோயிலை இடிப்பவர்கள் பகைவர் அல்லர். அதில் ஞானஸ்நானம் பெற்று, அதில் மாலை மாற்றி, அதன் அருகிலேயே பெற்றோரை அடக்கம் செய்த மக்களே, அன்பின் மிகுதியால், அதைவிடப் பெரியதாகக் கட்ட வேண்டும் என்ற ஆசையால், அதை இடிக்கிறார்கள். இக்கட்டுரை குமரியின் பழம் ஆலயங்களைக் காண விரும்புவோருக்கு வழிகாட்டத்தான் எழுதப்படுகிறது. எனினும் காண்பதற்கு எத்தனை மிஞ்சும் என்ற கவலையை ஒதுக்கிவிட்டு இன்று அவற்றைப் பற்றி எழுத இயலாது.

கூரையிழந்த தேவாலயம் என்று சொல்லத்தக்க இடம் இம்மாவட்டத்தில் உண்டென்றால், அது தக்கலைக்கு அருகே புலியூர்க்குறிச்சியில், உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும் சிற்றாலயம்தான். சுமார் 90 ஏக்கர் பரப்பில், நடுவில் ஒரு குன்றை வைத்து வளைத்துக் கட்டப்பட்ட அக்கோட்டை இப்போது பல்லுயிர்ப் பூங்காவாகப் பராமரிக்கப்படுகிறது; மான்களையும் பறவைக் கூண்டுகளையும் பார்க்க வரும் குழந்தைகளின் கூட்டத்தைக் கடந்து உள்ளே சென்றால், மரங்களுக்கிடையே, மேலே வானம் தெரிய, சுவர்கள் மட்டும் நிற்கும் அந்த ஆலயத்தை அடையலாம். குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டு, பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியாகிக் கோட்டைகளைப் புதுக்கிக் கட்டிய யூஸ்தாகியுஸ் தெ லனாய், 1777 ஜூன் 1ஆம் நாள் இறந்தபின் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய மனைவி மார்கரீத்தாவும், 1765இல் களக்காட்டுப் போரில் இளம் வயதிலேயே மாண்ட மகன் யோவானும் இதே சுவர்களுக்குள் உறங்குகின்றனர்.

தளபதியின் கல்லறைக் கல்லின்மேல் சற்றுக் குனிந்து பார்ப்பவருக்கு இந்த ஆலயத்தின் முழு வரலாறும் ஒரே பலகையில் கிடைக்கிறது. இலத்தீன் எழுத்தும் தமிழ் எழுத்தும் ஒரே கல்லில் வெட்டப்பட்டுள்ளன. இலத்தீன் வாசகம், வழிப்போக்கரை நின்று செல்லுமாறு விளித்து, ஏறத்தாழ 37 ஆண்டுகள் மன்னருக்கு உண்மையோடு பணியாற்றியவர் என்று இறந்தவரை அறிமுகம் செய்கிறது. இந்து மன்னரின் கோட்டைக்குள், தாழ்நிலங்களிலிருந்து வந்த கத்தோலிக்கப் படைத்தலைவருக்கு, ஐரோப்பியத் திருச்சபையின் மொழியையும் உள்ளூர் மக்களின் மொழியையும் சேர்த்து வெட்டிய கல், 18ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூர் எப்படிப்பட்ட நாடாக இருந்தது என்பதை எந்த அரசாங்க ஆவணத்தையும்விடச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது. இந்த ஆலயம் மட்டும் வழிபாட்டில் தொடர்ந்து இருந்திருந்தால், அதைச் சுற்றி ஒரு பங்கு வளர்ந்திருந்தால், இச்சுவர்கள் என்றோ பெயர்க்கப்பட்டு, அக்கல்லறைக் கற்கள் பளிங்குத் தரையின் கீழ் போயிருக்கக்கூடும். மக்கள் கைவிட்டதால்தான் கட்டடம் பிழைத்தது என்பது கசப்பான செய்தி. ஆனால் மாவட்டம் முழுவதும் சுற்றிப் பார்த்தால் அந்தச் செய்தியே மீண்டும் மீண்டும் உறுதியாகிறது.

இடைக்காலத் துறவு மடத்தின் இடிபாடு என்ற பொருளுக்கு மிக நெருங்கி வரும் இடம் தேவாலயமே அன்று என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். மார்த்தாண்டத்துக்கு வடக்கே சிதறால் என்னும் திருச்சாரணத்து மலையில், 9ஆம் நூற்றாண்டில், ஆய் மன்னன் வரகுணன் காலத்தில், சமணத் துறவியரின் பள்ளி சிறந்து விளங்கியது. பாறையில் புடைப்பாகச் செதுக்கிய தீர்த்தங்கரர் வரிசையும், குரத்தி எனப்படும் பெண் துறவி ஒருவர் பொன் அணிகலன்களைக் கொடையாக அளித்ததைச் சொல்லும் கல்வெட்டும் இன்றும் அங்கே உள்ளன. பிற்காலத்தில் பகவதி கோயிலாக வழிபடப்பட்டபோதும் பழைய உருவங்கள் அழிக்கப்படவில்லை; பாறையை இடித்துப் புதிதாகக் கட்டும் எண்ணம் எவருக்கும் தோன்ற வழியில்லை என்பதும் ஒரு காரணம். அம்மலை இன்று சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னம். அதே மாவட்டத்தில் அதற்குப் பல நூற்றாண்டுகள் பின்னால் எழுந்த ஆலயங்களில் பெரும்பாலானவற்றுக்கு அத்தகைய பாதுகாப்பு எதுவும் இல்லை.

வழிபாட்டில் இருந்தும் பழமை கெடாமல் நிற்கும் ஆலயத்தைக் காண விரும்புவோர் திருவிதாங்கோட்டுக்குச் செல்ல வேண்டும். பிற்காலத்தில் ஒரு நாட்டுக்கே பெயர் கொடுத்த அவ்வூரில், மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையினர் வழிபடும் தூய மரியன்னை ஆலயம், அரப்பள்ளி என்று வழங்குகிறது. இயேசுவின் சீடரான தோமா கி.பி. 63இல் நிறுவியது இது என்பது சபையின் மரபு. இப்போதுள்ள கட்டடத்தின் வயதை அந்த ஆண்டோடு பொருத்த முடியாது என்றாலும், தொடர்ந்து வழிபாடு நடந்துவரும் இடம் என்ற வகையில் அதன் மதிப்பு அந்த ஆண்டைப் பொறுத்தது அன்று. இந்த ஆலயத்தின் சிறப்பு அதன் அளவில் இருக்கிறது. உள்ளே ஒரு சிறு கூட்டம்தான் நிற்க முடியும். கருங்கல் சுவர், தாழ்ந்த கூரை, கல் தூண், தூணில் உள்ளூர்க் கோயில்களில் காணும் அதே கைப்பழக்கத்தில் வெட்டிய மலரும் விளிம்பும் ஆகியவற்றை அருகிருந்து பார்த்தால், சிவன் கோயிலுக்கும் பகவதி கோயிலுக்கும் உளி பிடித்த மரபுதான் இதற்கும் உளி பிடித்தது என்பது விளங்கும். வெவ்வேறு காலத்தில் முன்னே சேர்க்கப்பட்ட பகுதிகளும் உண்டு. ஆனால் அவை பழையதற்கு முன்னால் சேர்ந்தனவே தவிரப் பழையதன் இடத்தைப் பிடிக்கவில்லை. 2007இல் பன்னாட்டுத் திருத்தலமாக அறிவிக்கப்பட்ட பின்னும், பெருகிவரும் பயணியருக்காக மூல ஆலயத்தைப் பெரிதாக்காமல் விட்டிருப்பது மாவட்டத்தின் மற்ற ஆலயங்கள் கவனிக்க வேண்டிய முன்மாதிரி.

சீர்திருத்தத் திருச்சபையின் தொடக்கத்தைத் தேடுவோர் இயல்பாகவே மயிலாடிக்குப் போவார்கள். அவ்வூரைச் சேர்ந்த வேதமாணிக்கத்தின் அழைப்பை ஏற்று, இலண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806 ஏப்ரலில் வந்து சேர்ந்த ஊர் அது; 1809இல் அங்கே எழுந்த ஆலயமே தென் திருவிதாங்கூரில் அச்சங்கத்தின் முதல் ஆலயம். மயிலாடி இன்றும் கற்சிற்பிகளின் ஊர். தமிழகத்துக் கோயில்களுக்கும் வெளிநாட்டுக் கோயில்களுக்கும் சிலை வடிக்கும் பட்டறைகளில் பகல் முழுவதும் உளியோசை கேட்கிறது. கருங்கல்லை இவ்வளவு நெருக்கமாக அறிந்த கைகள் ஆலயத்துக்குப் பக்கத்திலேயே இருக்க, மாவட்டத்தில் ஆலயம் புதுப்பிக்கும் வேலைகள் பெரும்பாலும் சிமென்டிலும் பெயின்டிலும் முடிவது வேதனைக்குரியது.

மிஷன் தலைமையிடம் நாகர்கோவிலுக்கு மாறியபின், 1819 ஜனவரி 1ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்ட கற்கோயில், இப்போது ஹோம் சர்ச் என்று அழைக்கப்படுவது, மாவட்டத்தில் கல்லால் எழுந்த ஆலயங்களில் தலையாயது. ஆட்சிப் பொறுப்பில் இருந்த ராணி கௌரி பார்வதி பாயின் அரசு மிஷன் பணிகளுக்கு ஆதரவு காட்டியதும், பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த கர்னல் மன்றோ துணை நின்றதும் அறியப்பட்ட செய்திகள். இக்கட்டடத்தைப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியது அதன் அடக்கம்: இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையிலிருந்து விலகி நின்ற சபையினர் தங்கள் நாட்டில் கட்டிய எளிய கூடங்களைப் போல, திருவுருவங்களும் பலவண்ணப் பீடமும் இன்றி, வசனம் கேட்பதற்கான ஒரு பெரிய அறையாக அது அமைந்திருக்கிறது. அடக்குமுறைக்குள் வாழ்ந்த மக்கள் தலைநிமிர்ந்து ஓர் அறையில் சமமாக அமர்வதற்குக் கட்டப்பட்ட அறை அது என்பதால், அதன் எளிமைக்கே ஒரு பொருள் உண்டு. மேலாடை உரிமைக்கான தோள்சீலைப் போராட்டக் காலத்தில், 1850களின் இறுதியில், தென் திருவிதாங்கூரின் கிராமங்களில் சிற்றாலயங்கள் சில தீக்கிரையானபோது, ஓலையும் மண்ணுமாக இருந்த அவை இடிபாடாகக்கூட மிஞ்சவில்லை. கல்லில் நின்றது நிற்கிறது.

கோட்டாறு சவேரியார் பேராலயத்தைப் பற்றி நாஞ்சில் நாட்டு வாசகருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டிசம்பர் 3ஆம் நாள் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை கிடைக்கும் அளவுக்கு அத்திருவிழா எல்லாச் சமயத்தாருக்கும் உரியது. ஓலைக் குடிலாகத் தொடங்கிப் பலமுறை விரிந்து, 1930இல் மறைமாவட்டம் அமைந்தபோது பேராலயமான கட்டடம் அது. அங்கே காண வேண்டியது, 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயத்தின் கல்லறை. 2022 மே 15ஆம் நாள் அவர் புனிதராக அறிவிக்கப்பட்ட பிறகு, நட்டாலம், புலியூர்க்குறிச்சி, காற்றாடிமலை, கோட்டாறு என அவர் வாழ்வோடு பிணைந்த இடங்களுக்குப் பயணிகள் பெருகியுள்ளனர். இந்த வளர்ச்சி மகிழ்ச்சிக்குரியதுதான்; ஆனால் பயணிகள் பெருகும் இடத்தில் மண்டபம், வாகன நிறுத்தம், வளைவு, அலங்காரத் தரை ஆகியவை பின்தொடர்வதும், முதலில் பறிபோவது பழைய தளமும் பழைய சுவரும் என்பதும் எந்தச் சமயத்துத் திருத்தலத்திலும் பார்க்கக் கிடைக்கும் உண்மை.

பழைய கட்டடம் அப்படி என்ன சொல்லிவிடும் என்று கேட்போர் மாவட்ட எல்லையைத் தாண்டி வடக்கன்குளம் வரை செல்ல வேண்டும். தேவசகாயம் 1745இல் திருமுழுக்குப் பெற்ற அவ்வூரில், 1872இல் கட்டப்பட்ட திருக்குடும்ப ஆலயம், ஒரே பீடத்தில் வந்து சேரும் இரண்டு நீண்ட நடைக்கூடங்களாகப் பிரிந்து நிற்கிறது. ஒரு சாதியார் ஒரு கூடத்திலும் மற்றவர்கள் மறு கூடத்திலுமாக, ஒருவரையொருவர் பாராமல் ஒரே பூசையைக் காண்பதற்காக வகுத்த அமைப்பு அது. பிரிவினைச் சுவர் 1910இல் இடிக்கப்பட்டு, வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று, பிரிவினை கேட்டவர்கள் தோற்றார்கள். சுவர் இடிக்கப்பட வேண்டியதுதான். அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஆனால் கவைபோலப் பிரியும் அந்த ஆலயத்தையே அடியோடு பெயர்த்து ஒரே மண்டபமாகக் கட்டியிருந்தால், தமிழ்க் கிறித்தவத்துக்குள் சாதி எவ்வளவு ஆழமாக வேரோடியிருந்தது என்பதை அடுத்த தலைமுறை நம்பியிருக்காது. வெட்கப்பட வேண்டிய வரலாற்றைக்கூட மறைக்கவிடாமல் காத்து நிற்பது அந்தக் கட்டடத்தின் வடிவம் ஒன்றே.

இனிக் கவலையின் வேருக்கு வரலாம். குமரியில் பழைய ஆலயம் சாவது பெரும்பாலும் ஒரே நாளில் நடப்பதில்லை. அதற்கு முன்னால் ஒரு நோய்க்காலம் இருக்கிறது, அந்த நோய் சிமென்ட் பூச்சில் தொடங்குகிறது. முன்னாளைய சுவர்கள் கருங்கல்லாலோ, செம்பூரான் கல் எனப்படும் துளைகள் நிறைந்த செம்பாறைக் கட்டிகளாலோ எழுப்பப்பட்டு, சுண்ணாம்புச் சாந்தால் இணைக்கப்பட்டவை. கடற்கரையில் குவியும் சிப்பியைக் காளவாயில் சுட்டு, நீற்றி, மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டி நீரும் விட்டுப் பதப்படுத்திய அச்சாந்து, இறுகியபின்னும் நுண்ணிய துளைகளோடு இருக்கும். மழைக்காலத்தில் சுவர் உறிஞ்சிய ஈரம் வெயில் வந்ததும் அத்துளைகள் வழியே வெளியேறிவிடும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் குமரியில் கட்டடம் நிலைப்பதற்கு இந்த மூச்சு இன்றியமையாதது. அத்தகைய சுவரின்மேல் சிமென்டைப் பூசும்போது வெளியேறும் வழி அடைபடுகிறது. நிலத்திலிருந்து ஏறும் ஈரமும் விரிசல் வழியே நுழையும் மழைநீரும் உள்ளேயே தங்க, உப்புப் பூத்துச் சாந்து உதிர்ந்து, சுவருக்குள் செருகியிருக்கும் அயனி மர உத்தரத்தின் முனை இற்றுப்போகிறது. சில ஆண்டுகளில் பூச்சு பாளம் பாளமாக விழுகிறது. அப்போது அழைக்கப்படும் பொறியாளர், சுவர் வலுவிழந்துவிட்டது, புதிதாகக் கட்டுவதே நல்லது என்று சான்று தருகிறார். பூச்சு உண்டாக்கிய சேதம் பழமையின் சேதமாகக் கணக்கெழுதப்படுகிறது.

கூரையிலும் இதே கதைதான். பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையின் வழியே மேற்குக் கடற்கரை முழுவதும் பரவிய மங்களூர் ஓடு, எடை குறைந்தது, உடைந்ததை மட்டும் மாற்றிக்கொள்ளக் கூடியது, வெப்பத்தை மேலே வெளியேற்றுவது. ஆண்டுக்கொருமுறை ஓடு மாற்ற ஆளைக் கூப்பிடும் வழக்கம் நின்றதும் ஒழுகத் தொடங்குவது. அந்தச் சிறு பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கத் தயங்கும் ஊர்கள், கான்கிரீட் கூரைக்குக் கோடிகள் திரட்டத் தயங்குவதில்லை. கான்கிரீட்டோ கடற்காற்றுக்கு எளிதில் இரையாவது. காற்றோடு வரும் உப்பு கலவைக்குள் ஊடுருவி இரும்புக் கம்பியைத் துருவேற்ற, துரு பருத்து மேற்கலவையை வெடித்துத் தள்ள, ஐம்பது ஆண்டு நிரம்பாத கட்டடங்களே கம்பி தெரிய நிற்பதைக் கடலோர ஊர்களில் காணலாம். இருநூறு ஆண்டு நின்றதை இடித்துவிட்டு, ஒரு தலைமுறைக்கு மேல் நிற்குமா என்று ஐயப்பட வேண்டியதைக் கட்டுவது எந்தக் கணக்கிலும் சேராது.

இடிக்கும் முடிவு எப்படிப் பிறக்கிறது என்பதும் மாவட்டத்தார் அறிந்ததே. நூற்றாண்டு விழாவோ பங்கின் பொன்விழாவோ நெருங்குகிறது. பக்கத்து ஊரில் இரட்டைக் கோபுரத்தோடு புதுக்கோயில் அர்ச்சிக்கப்பட்டிருக்கிறது. ஊர்க் கமிட்டி கூடுகிறது. வளைகுடாவில் வேலை செய்யும் பிள்ளைகள் பணம் அனுப்புகிறார்கள். கடற்கரையில் மீன்பாட்டில் கோயிலுக்கென ஒதுக்கும் குத்தகையும், உள்ளூரில் அறுப்பின் பண்டிகை ஏலத்தொகையும் கட்டட நிதியில் சேர்கின்றன. வாழ்நாள் உழைப்பைக் கடவுளுக்குக் கொடுக்கும் அம்மக்களின் மனத்தைக் குறைத்துப் பேச எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் இடிப்பதற்கு முந்திய நாள் அளவெடுத்த வரைபடம் உண்டா, ஒளிப்படம் உண்டா, தளத்தில் பதித்த கல்லறைக் கற்கள் எங்கே போயின, தேக்கில் கடைந்த பழைய பீடம் எந்தக் கிடங்கில் கிடக்கிறது, வார்த்த ஆண்டு பொறித்த பழைய வெண்கல மணி பழைய உலோகமாக நிறுத்துப் போடப்பட்டதா என்ற கேள்விகளுக்குப் பல ஊர்களில் விடை சொல்ல ஆளில்லை. முற்காலத்தில் ஓலைக் கோயில் மண் கோயிலாகவும், மண் கோயில் கற்கோயிலாகவும் மாறியபோது, பயன்படும் மரமும் கல்லும் புதியதற்குள் புகுந்தன. இப்போது இடிக்கும் இயந்திரத்தின் வாயில் எல்லாம் ஒன்றாக நொறுங்கி, பள்ளம் நிரப்பும் மண்ணாகிவிடுகின்றன.

பழைய ஆலயங்கள் இன்றைய மக்கள்தொகைக்குப் போதவில்லை, ஞாயிறு பூசைக்குப் பாதிப்பேர் வெயிலில் நிற்க வேண்டியிருக்கிறது, வழிபாட்டிடம் அருங்காட்சியகம் ஆக முடியாது என்று பங்குகளில் சொல்லப்படுவதும் உண்மையே. அதற்கு விடை பக்கத்தில் கட்டுவது. இடமில்லாத ஊர்களும் உண்டு என்றாலும், இடமிருந்தும் இடித்த ஊர்களே கவலைக்குக் காரணம்.

இங்கிலாந்துக்கும் இந்த நோய் வந்தது என்பது பலர் அறியாத செய்தி. மடங்களை மன்னர் சிதைத்தார் என்றால், பங்கு ஆலயங்களை 19ஆம் நூற்றாண்டில் புதுப்பிப்பு என்ற பெயரில் பக்தர்களே சிதைத்தனர். பிற்காலச் சேர்ப்புகளைப் பெயர்த்தெறிந்து, பழம்பூச்சைச் சுரண்டி, இடைக்காலத்தில் இருந்திருக்க வேண்டிய தோற்றம் என்று தாங்களே கற்பனை செய்ததைக் கட்டினர். அதைப் பொறுக்காத கவிஞரும் கைவினைஞருமான வில்லியம் மோரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவி, கட்டடத்தை அன்றாடப் பராமரிப்பால் காக்க வேண்டுமே அன்றிப் புதுப்பிப்பால் அழிக்கக் கூடாது என்று வாதாடினார். காலப்போக்கில் அங்கே நிலை மாறியது. இங்கிலாந்துத் திருச்சபையின் பங்கு ஆலயம் எதிலும் மறைமாவட்ட நீதிபதியின் எழுத்துமூல இசைவு இல்லாமல் கட்டமைப்பு மாற்றம் எதையும் செய்ய முடியாது என்ற நடைமுறை உறுதியாகியுள்ளது. வழிபாட்டுக்குத் தேவைப்படாமல் போன ஆலயங்களைப் பொறுப்பேற்க 1969இல் ஏற்பட்ட அறக்கட்டளையின் கையில் இன்று 350க்கு மேற்பட்ட ஆலயங்கள் உள்ளன. பூட்டிக் கிடக்காமல் எவரும் உள்ளே சென்று பார்க்கத் திறந்துவைக்கப்பட்ட ஆலயங்கள் அவை.

குமரியில் அத்தகைய ஏற்பாடு எதுவும் முடியாதது அன்று. 1958ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத வயதுடைய கட்டடம், அரசால் அறிவிக்கை செய்யப்பட்டால்தான் பாதுகாப்புக்குள் வரும். வழிபாட்டில் உள்ள ஆலயங்களை அரசின் கையில் ஒப்படைக்கச் சபைகள் தயங்குவது இயல்பு. ஆகவே பொறுப்பு திருச்சபைகளிடமே இருக்கிறது, அதற்கான விதையும் அவர்களின் சட்டத்திலேயே இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 1189ஆம் விதி, பழமையாலோ கலைச்சிறப்பாலோ மதிப்புடைய திருவுருவங்களைப் பழுதுபார்க்க மறைமாவட்டத் தலைமையின் எழுத்துமூல இசைவு வேண்டும் என்றும், அதற்குமுன் வல்லுநரைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. ஒரு சுரூபத்துக்குக் காட்டும் அந்த எச்சரிக்கையை அது நிற்கும் சுவருக்கும் விரித்துவிட்டால் போதும். 1959இல் அமைந்த தென்னிந்தியத் திருச்சபையின் குமரிப் பேராயமும் பிற சபைகளும் அதே நெறியைத் தமக்கென வகுத்துக்கொள்ளத் தடையேதும் இல்லை.

நடைமுறையில் செய்ய வேண்டியவை சிலவே. நூறாண்டு கடந்த ஆலயங்கள், கல்லறைத் தோட்டங்கள், கடலோரக் குருசடிகள் அனைத்தையும் பட்டியலிட வேண்டும். குருசடி என்பது தெருமுனையிலோ கரையிலோ சிலுவை நட்டுக் கூரை வேய்ந்த சிறு வழிபாட்டிடம், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும் அதன்பின் தொடரும் கடலரிப்பும் இத்தகைய சிற்றிடங்களையும் விட்டுவைக்கவில்லை. மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. கட்டடத் துறை மாணவர்கள் ஓராண்டுத் திட்டப்பணியாக ஒவ்வொரு ஆலயத்தையும் அளந்து வரைந்தால், செலவே இல்லாமல் ஆவணம் கிடைக்கும். சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் முதுமை அடைந்துவிட்டார்கள். அவர்களை வைத்து இளைஞர் சிலருக்கேனும் பயிற்சி அளிப்பதற்கு இன்னும் சில ஆண்டுகளே காலம் இருக்கிறது. பழைய ஆலயத்தின் ஈரச் சுவரைச் சுண்ணாம்பு அறிந்தவர் ஒருவர் பார்த்து எழுதித் தராமல், இடிப்புக்கான தீர்மானத்தில் எந்தச் சபையும் கையெழுத்திடக் கூடாது. புதிய ஆலயத்துக்கான வரைபடத்தோடு பழைய ஆலயத்தின் வரைபடமும் மறைமாவட்ட அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட்ட பிறகே அடிக்கல்லுக்கு நாள் குறிக்கப்பட வேண்டும்.